உழைப்பை ஊருக்குத் தரும் முன்



நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கணினி படிக்கிறார்கள். பாடத்துக்காகவோ ஆர்வத்திலோ ஒரு மென்பொருள் எழுதுகிறார்கள். தேர்வு முடிந்ததும் அது மடிக்கணினியிலேயே முடங்கிவிடுகிறது. அதை முறையாகப் பொதுமக்கள் கைக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

இதற்கு நமக்கு நல்ல முன்மாதிரி, பட்டுக்கோட்டைக்கு அருகே அதிராம்பட்டினத்தில் பிறந்த மர்ஹூம் உமர் தம்பி (1953–2006) அவர்கள். 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், பழைய விண்டோஸ் கணினிகளில் யூனிகோட் தமிழைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டங்களே தெரியும். அவர் உருவாக்கிய 'தேனீ' இயங்கு எழுத்துரு இணையப் பக்கத்தோடு தானாகவே இறங்கி வந்தது. வாசகர் எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. பழைய எழுத்துருக்களில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும் கருவியையும் தந்தார். இவற்றுக்கு விலை வைக்கவில்லை. வாசகரிடம் என்ன கணினி இருக்கிறதோ அதற்கேற்பத் தம் வேலையை அமைத்துக்கொண்டார். நம் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பதிந்து வைக்க மாணவர் ஒருவர் மென்பொருள் எழுதித் தந்தார். மற்ற ஜமாஅத்துகளுக்கும் பயன்படட்டும் என்று அதை இணையத்தில் வைக்கச் சொன்னோம். சோதித்துப் பார்க்க நாங்கள் கொடுத்திருந்த உண்மையான பட்டியலும் அதோடு போய்விட்டது. கணவரை இழந்த சகோதரிகளின் பெயர்களும் கைபேசி எண்களும் அதில் இருந்தன. அன்று மாலையே எடுத்துவிட்டோம். அதற்குள் யார் யார் பார்த்தார்களோ, அல்லாஹ்வே அறிவான். ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். மாணவர் மீது குற்றமில்லை. பட்டியலைக் கொடுத்தது நாங்கள். உதவி கேட்டு வருபவரின் விவரம் நம்மிடம் உள்ள அமானிதம்.

ஆகவே, வெளியிடும் முன் இந்த ஐந்தையும் பாருங்கள்.

முதலாவது, சோதனைக்குக் கற்பனைப் பெயர்களையே பயன்படுத்துங்கள். 'கிட்' போன்ற பதிவு முறைகளில் ஒரு கோப்பை அழித்தாலும் அதன் பழைய பிரதி உள்ளே தங்கியிருக்கும். கடவுச்சொல் ஏதும் அப்படி வெளியே போயிருந்தால், அழித்ததோடு நிற்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, உரிமம். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் மென்பொருளும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. எழுதியவர் அனுமதி தராமல் பிறர் அதைப் பிரதி எடுத்து மாற்றி வழங்க முடியாது. தர்மமாகத் தர நினைத்தால் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். ஜி.பி.எல். உரிமம், மாற்றி வழங்குபவரும் அதே சுதந்திரத்தைப் பிறருக்குத் தர வேண்டும் என்கிறது. எம்.ஐ.டி. உரிமத்தில் நிபந்தனை குறைவு. உரிமக் குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும். பிறர் எழுதியதைச் சேர்த்திருந்தால் அவர்களுடைய நிபந்தனையையும் படியுங்கள்.

மூன்றாவது, உங்கள் கைபேசியில் ஓடுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உம்மாவிடமும் பெரியத்தாவிடமும் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே திருத்துங்கள்.

நான்காவது, எளிய தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் பதிப்பு எண்ணும் சேருங்கள். தெரிந்த குறைகளையும் எழுதுங்கள். சரக்கில் குறை இருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. இலவசச் சரக்குக்கும் அது பொருந்தும்.

ஐந்தாவது, நீங்கள் வேலைக்கு வெளிநாடு போனபின் அதைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரைப் பழக்கிவிடுங்கள்.

உமர் தம்பி அவர்கள் 53 வயதில் மறைந்தார்கள். 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர்கள் பெயரைச் சூட்டினார்கள். ஒருவர் விட்டுச் சென்ற பயனுள்ள கல்வி, அவர் மறைந்த பின்னும் நன்மையைச் சேர்த்துக்கொண்டிருக்கும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

முடித்த மென்பொருள் வைத்திருக்கும் பிள்ளைகள் ஞாயிறு அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். சோதித்துப் பார்க்கப் பழைய கைபேசிகள் தருகிறோம். உண்மையான பட்டியல் மட்டும் இனித் தரமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.