பெப்ரவரி 4: கலஹாக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை



சுதந்திர தினத்தன்று பாடசாலைக்கு விடுமுறை, தோட்டத்திலே கொடியேறும். "எதற்காக இந்தக் கொடி?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? "வெள்ளைக்காரன் போன நாள்" என்பது சரியே. ஆனால் கலஹாவில் வாழும் நமக்கு அது பாதி விடைதான்.

1815 மார்ச் 2-ஆம் நாள் கண்டி மகுல் மடுவத்தில் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாகி, கண்டி இராச்சியம் ஆங்கில முடியின் கீழ் வந்தது. 133 ஆண்டுகள் கழித்து, 1948 பெப்ரவரி 4-ஆம் நாள், இலங்கை சுதந்திரம் பெற்றது, டி. எஸ். சேனநாயக்க முதற் பிரதமராக இருந்தார். இங்கிலாந்து மன்னரே அரசராக நீடித்தார். அந்த நிலை 1972 மே 22-இல் குடியரசானபோதுதான் மாறியது.

இடைப்பட்ட காலத்தில் வந்தவர்களே நம் முன்னோர்கள். நமக்கு அயலிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதைப் பாடநூல் சொல்கிறது. காடு வெட்டிய கைகள் யாருடையவை என்பதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1947 தேர்தலில் தோட்டத் தமிழர் வாக்களித்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது; வேறு பல தொகுதிகளில் அவ்வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணையாயின. இது ஆட்சியாளர் கண்ணை உறுத்தியது. சுதந்திரம் பெற்றுப் பத்து மாதம் நிறையுமுன், 1948 நவம்பர் 15-இல், 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்தவராயிருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவு இந்நாட்டில் கட்டாயமானதே 1897-இல்தான்! லயத்தில் பிறந்த பூட்டனுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்?

1949-இல் வாக்குரிமையும் போயிற்று. பதிவுமூலம் பிரஜையாகலாம் என்று அதே ஆண்டு வேறொரு சட்டம் வந்தது. 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும், ஏறக்குறைய 1,34,000 பேருக்கே கிடைத்தது.

புனித சின்னப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். கசையடிக்குக் கட்டப்பட்டபோது தாம் உரோமைக் குடிமகன் என்றார், கட்டவிழ்த்தார்கள். ஆயிரத்தலைவனோ பெருந்தொகை கொடுத்து அவ்வுரிமையை வாங்கியவன் (அப்போஸ்தலர் பணி 22). பிறப்பால் வந்ததோ, பணத்தால் வந்ததோ, அவர்களிடம் உரிமை இருந்தது. நம் பாட்டன்மாருக்கு இரண்டு வழியும் அடைபட்டிருந்தது.

1964 அக்டோபர் 30-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று எத்தனை குடும்பங்கள்! யாரையும் கேட்டுப் பங்கிடவில்லை. நாடற்றோர் என்று எஞ்சியோருக்கு 1988-இலும் 2003-இலும் வந்த சட்டங்களே வழி திறந்தன. சுதந்திரத்துக்குப் பின் 55 ஆண்டுகள்.

ஆகவே இவ்விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். தகரப் பெட்டியைத் திறந்து, வீட்டிலுள்ள பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் அடையாள அட்டைகளையும் பிள்ளைகளுடன் அமர்ந்து வாசியுங்கள். ஒன்றில் ஒரு பெயர், மற்றதில் வேறு எழுத்து என்றிருந்தால் தாமதியாமல் கிராம சேவகரிடம் விசாரியுங்கள். பாட்டியின் பழைய பத்திரம் ஏதேனும் கிடைத்தால், அது கசங்கிக் கிடந்தாலும் எறிந்துவிட வேண்டாம்.