பாலைநிலத்தில் புதைத்த விளையாட்டு

உலகில் வெளிவந்த வீடியோ விளையாட்டுகளுள் மிக மோசமானது எது? விடுதியில் விளையாட்டுப் பித்துள்ள எந்த நண்பரையும் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் விடை வரும். ‘ஈ.டி.’ என்பார். அட்டாரி என்னும் அமெரிக்க நிறுவனம் 1982-ல் வெளியிட்டது அது. ‘அந்த ஒரு விளையாட்டே ஒரு பெருந்தொழிலை வீழ்த்திவிட்டது, விற்காத சரக்கை லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் புதைத்தார்கள்’ என்று கதையையும் சேர்த்தே சொல்வார். நீங்கள் ஆடியதுண்டா என்று கேட்டால் மட்டும் சிரிப்பார். தாம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகட்கு முன் வந்த விளையாட்டை அவர் எங்கே ஆடியிருக்கப் போகிறார்!

வெற்றிபெற்றவற்றைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் தோல்வியுற்றவற்றைப் பற்றிப் பேசுவதில் மக்களுக்குச் சுவை மிகுதி. நம் ஊரில் ஓடாத படத்தைப் பற்றி நடக்கும் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். படம் முதல் வாரத்திலேயே பெட்டிக்குள் சுருண்டது என்றால், அதைப் பாராதவரும் அதன் குறைகளை அடுக்குவார். விளையாட்டு அன்பர்கள் பேச்சும் அவ்வாறே. அங்கே ‘குறையுள்ளது’ என்ற சொல்லுக்கு இடமில்லை; ‘உலகிலேயே மோசம்’ என்பதுதான் உண்டு. பிறகு குற்றவாளி ஒருவர் வேண்டும். பலர் சேர்ந்து செய்த தவறு பேச்சுக்கு உதவாது. எனவே ஒருவர் அகப்படுகிறார். ஈ.டி. கதையில் அகப்பட்டவர் ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்னும் நிரலாளர்.

அவர் செய்ததைப் புரிந்துகொள்ள அவர் கையிலிருந்த கருவியை முதலில் அறிதல் வேண்டும். அட்டாரி 2600 என்பது 1977-ல் விற்பனைக்கு வந்தது. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடுவது. விளையாட்டு ஒவ்வொன்றும் ஒரு சிறு கார்ட்ரிட்ஜில் வரும். பின்னாளில் நம் நாட்டுச் சிறுவர்கள் இத்தகையவற்றைக் ‘கேசட்’ என்றே அழைத்தனர். அக்கருவியில் ஆட்டத்தின் நிலையைக் குறித்துக்கொள்ள இருந்த நினைவகம் 128 பைட்டு. எவ்வளவு சிறிது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருக்குறளின் முதற் பாவை இன்றைய யு.டி.எஃப்-8 முறையில் எழுதினால் இடைவெளியுட்பட 123 பைட்டு ஆகிறது. மிச்சம் ஐந்து! வீரன் எங்கே நிற்கிறான், பகைவர் எங்கே, கையில் உள்ள பொருள் யாது, வலிமை எவ்வளவு என்பவை யாவும் ஒரு குறள் அளவான இடத்தில் அடங்கவேண்டும்.

படம் வரைவதோ இன்னும் கடினம். முழுப் படத்தையும் எழுதி வைத்துக்கொள்ள அதில் இடமே இல்லை. தொலைக்காட்சித் திரையில் ஒளிக்கற்றை வரிவரியாக ஓடும்போதே, அந்தந்த வரியில் என்ன தோன்றவேண்டும் என்பதை நிரல் அப்போதைக்கப்போது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வரிக்குக் கிடைக்கும் காலம் செயலியின் 76 துடிப்புகளே. கோலமிடும் கையைப் பின்தொடர்ந்து ஓடிக்கொண்டே, ‘இங்கே புள்ளி, இங்கே வளைவு’ என்று சொல்வது போன்ற வேலை இது. அதில் தேர்ந்த சிலருள் வார்ஷா ஒருவர். அவருடைய ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ நிறுவனத்துக்கு நல்ல பெயர் தந்தது.

ஸ்டீவன் ஸ்பீல்பர்க்கின் ‘ஈ.டி.’ திரைப்படம் 1982 ஜூனில் வெளிவந்து வசூலை வாரிக் குவித்தது. அட்டாரியின் உடைமையாளரான வார்னர் கம்யூனிகேஷன்ஸ் படத்தின் பெயரை விளையாட்டுக்கு வாங்கியது. விலை இரண்டு கோடி டாலருக்கு மேல் என்பர். பேரம் முடிந்தது ஜூலை இறுதியில். கிறிஸ்துமஸ் வணிகத்துக்குச் சரக்கு கடையில் இருக்கவேண்டுமானால் செப்டம்பர் தொடக்கத்தில் நிரல் முடிந்தாக வேண்டும். பிற விளையாட்டுகளுக்கு ஐந்தாறு மாதம் பிடித்த காலத்தில், இதற்கு ஐந்து வாரம்! வார்ஷா ஒப்புக்கொண்டார். அதில் அவருக்குத் தன்னம்பிக்கை சற்று அதிகமாகவே இருந்தது என்பது என் கருத்து.

நானும் இதனைக் கணினியில் ஏற்றி ஆடிப் பார்த்தேன். வேற்றுலகச் சிற்றுயிர் காட்டில் வந்திறங்குகிறது. தொலைபேசியின் மூன்று உறுப்புகளைத் தேடிச் சேர்த்துத் தன் உலகத்தாரை அழைக்கவேண்டும். கலம் வரும் நேரத்தில் காட்டுக்குத் திரும்பி நிற்கவேண்டும். உறுப்புகள் குழிகளுக்குள் கிடக்கின்றன. நடக்குந்தோறும் வலிமை குறைகிறது. உளவுத்துறையாளர் ஒருவர் வந்து உறுப்பைப் பறிக்கிறார். அறிவியலார் ஒருவர் பிடித்துக்கொண்டு போகிறார். ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களைப்போல் ஆறு இடங்கள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கின்றன. கதை இருக்கிறது, முடிவு இருக்கிறது. சுடுவதும் விழுங்குவதுமாக இருந்த அக்கால விளையாட்டுகளுக்கிடையே இது துணிவான முயற்சி என்றே சொல்வேன்.

ஆனால் குழி! கால் தரையில்தான் இருக்கிறது; தலை மட்டும் குழியின் ஓரத்தைத் தொடுகிறது; உடனே விழுந்துவிடுகிறோம். கழுத்தை நீட்டி மெல்ல மேலே மிதந்து வந்து, வெளியே வந்ததும் ஓர் அடி பிசகினால் மறுபடியும் அதே குழி. காரணம் எளிது. அக்கருவியின் சில்லு, இரண்டு படங்கள் ஒன்றையொன்று தொட்டன என்று மட்டும் சொல்லும். தொட்டது காலா தலையா என்பது அதற்குத் தெரியாது. அதைப் பிரித்தறியும் சில வரி நிரலை எழுதி, பிறரிடம் கொடுத்து ஆடச் சொல்லி, அவர்கள் எங்கே சினங்கொள்கிறார்கள் என்று பார்த்துத் திருத்தக் காலம் வேண்டும். அந்தக் காலந்தான் இல்லை. பல ஆண்டுகட்குப் பின் அன்பர் ஒருவர் நிரலில் சிறு மாற்றங்கள் செய்து இக்குறையை நீக்கிக் காட்டினார். மோசம் என்று ஏசப்பட்ட பொருளுக்கும் தாழ்வில்லாத பொருளுக்கும் இடையே இருந்தது அவ்வளவுதான்.

சரி, தொழில் வீழ்ந்ததே, அதற்கு இவ்விளையாட்டு காரணமன்றா? அட்டாரியிலிருந்து விலகிய நிரலாளர்கள் 1979-ல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கி, அட்டாரியின் கருவிக்கே விளையாட்டு எழுதினர். வழக்கு நடந்து 1982-ல் சமரசத்தில் முடிந்தது. கதவு திறந்தது, எல்லாரும் நுழைந்தனர். ஓட்ஸ் விற்கும் குவேக்கர் நிறுவனங்கூட விளையாட்டுத் தொழிலில் இறங்கிற்று. நாய்த்தீனிக்கு விளம்பரமாக 1983-ல் ஒரு விளையாட்டு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதே 1982-ல் அட்டாரி வெளியிட்ட ‘பேக்-மேன்’ எழுபது இலட்சத்துக்கு மேல் விற்றும், அதனினும் மிகுதியாகச் செய்து குவித்ததால் பெருஞ்சரக்கு தேங்கியது. ஈ.டி.யும் ஏறத்தாழ நாற்பது இலட்சம் செய்தார்கள். பெரும்பகுதி திரும்பி வந்தது. முப்பது, நாற்பது டாலர் விலையிருந்தவை ஐந்து டாலர்க் கூடையில் கிடந்தன. ஐந்து டாலர்ப் பொருள் இருக்க, நாற்பது டாலர் கொடுத்துப் புதியதை வாங்குவார் யார்? 1982 டிசம்பரில் அட்டாரியின் விற்பனை எதிர்பார்த்த அளவு வளராது என்று அறிவிப்பு வந்தது. மறுநாளே வார்னரின் பங்கு விலை மூன்றில் ஒரு பங்களவு சரிந்தது. 1983-ல் அட்டாரியின் நட்டம் ஐம்பது கோடி டாலருக்கு மேல். இத்தனைக்கும் ஐந்து வாரம் உறங்காது உழைத்த ஒருவரைப் பொறுப்பாளியாக்குவது என்ன நியாயம்? நாற்பது இலட்சம் செய் என்று ஆணையிட்டவர்களின் பெயர் நம் விடுதி நண்பர்களுக்குத் தெரிகிறதா? நம்மில் பலர் நாளை நிரல் எழுதிப் பிழைக்கப் போகிறவர்கள். முடியாத நாளைக் குறித்துக் கொடுப்பவர் ஒருவர், அந்நாளுக்குள் முடித்துக் கெட்ட பெயர் வாங்குபவர் மற்றொருவர் என்னும் முறை இன்னும் மறையவில்லை.

ஒரு வேறுபாடு உண்டு. கார்ட்ரிட்ஜில் பதித்தது பதித்ததுதான். வீட்டுக்குப் போன பிழையைத் திருத்த வழியில்லை. 2020 டிசம்பரில் வந்த ‘சைபர்பங்க் 2077’ பழைய கருவிகளில் ஆட முடியாத அளவு பிழைமலிந்திருந்தது. சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதனை நீக்கிற்று. அடுத்த ஜூனில் அது திரும்பி வந்தது. திருத்தம்மேல் திருத்தம் செய்து 2023-ல் பாராட்டும் பெற்றுவிட்டது. அன்று ஏசியவர்களே இன்று வாங்கி ஆடுங்கள் என்கிறார்கள். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தால் அரைகுறையாக வெளியிடுவதும் பெருகியிருக்கிறது. முழு விலை கொடுத்து வாங்கியவன் சோதனை எலியாகிறான். அவனுடைய ஏச்சில் நியாயம் உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன். ஈ.டி.யை வாங்கித் தந்த பெற்றோரும் அன்று பணம் கொடுத்துத்தானே வாங்கினர்?

இனிப் புதைத்த கதை. 1983 செப்டம்பரில் டெக்சாஸின் எல் பாசோவிலிருந்து லாரிகள் புறப்பட்டு, நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டுக்குச் சென்றன. 1945-ல் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்த பாலைநிலம் அப்பகுதியில்தான் இருக்கிறது. சரக்கைக் கொட்டி, நசுக்கி, மேலே கான்கிரீட்டும் ஊற்றினார்கள். நாள் செல்லச் செல்ல இது உண்மையா கட்டுக்கதையா என்ற ஐயம் எழுந்தது. 2014 ஏப்ரல் 26 அன்று ஓர் ஆவணப்படத்துக்காக அவ்விடத்தைத் தோண்டினர். மணற்காற்று வீச, அன்பர்கள் கூடி நின்று பார்த்தனர்.

கிடைத்தது உண்மை, ஆனால் கதையில் சொன்னபடி அன்று. புதைத்தவை ஏழு இலட்சத்துச் சொச்சம்; எடுத்தவை ஏறத்தாழ 1,300. அவற்றுள் ஈ.டி. ஒரு சிறு பகுதியே. மற்றவை ‘சென்ட்டிபீட்’, ‘மிசைல் கமாண்ட்’ போன்றவை. நன்றாக விற்று, எல்லாராலும் விரும்பி ஆடப்பட்டவை. கிடங்கைக் காலி செய்தவர்கள் நல்லது கெட்டது என்று பிரித்துப் பார்க்கவில்லை. தோண்டும்போது வார்ஷாவும் அங்கே இருந்தார். அவர் அதற்குள் விளையாட்டுத் தொழிலை விட்டு, சிலிக்கான் பள்ளத்தாக்கில் உளநல மருத்துவம் செய்பவராகியிருந்தார்; கூட்டத்தைக் கண்டு கண்கலங்கினார். எடுத்தவற்றுள் பலவற்றை அவ்வூர் நகராட்சி ஏலத்தில் விட்டு ஓர் இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. நசுங்கிய ஈ.டி. ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.