விருந்துக்கு மறுநாள்: உணவுக் கட்டுப்பாடு தவறியபின் செய்ய வேண்டியவை

தீபாவளிக்கு அடுத்த வாரத்திலும், தை, ஆவணி மாதங்களின் முகூர்த்த நாள்களை அடுத்து வரும் நாள்களிலும் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். வழக்கமாகத் தவறாமல் வருவோர் சிலர் அந்த வாரம் வருவதில்லை. வருவோரிலும் சிலர் சர்க்கரை அளவைக் குறித்துவைக்கும் நோட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். எடை பார்க்கும் கருவியில் ஏறத் தயங்கி, "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், டாக்டர்" என்கிறார்கள். பல வாரங்களாகக் கடைப்பிடித்த உணவுக் கட்டுப்பாடு ஒரு விருந்தில் தவறிவிட்டது என்பதே காரணம்.

இவர்களுக்கு முதலில் நாங்கள் சொல்வது இதுதான்: ஒரு வேளை மிகுதியாக உண்டதால் பெரும்பாலோருக்கு நேரும் தீங்கு சிறியது. அதற்குப் பின்வரும் நாள்களில் எடுக்கும் முடிவுகளே பெருந்தீங்கை விளைவிக்கின்றன. பட்டினி கிடப்பது, மருந்தின் அளவைத் தாமே மாற்றிக்கொள்வது, கட்டுப்பாட்டையே கைவிடுவது ஆகிய மூன்றும் அத்தகைய முடிவுகள்.

ஒரு நிகழ்வு

அறுபது வயதைக் கடந்த ஒருவர் நீரிழிவுக்காக எங்களிடம் சிகிச்சை பெற்றுவந்தார். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு ஆகிய இரு மாத்திரைகளை உட்கொண்டுவந்தார். ஏழு மாதங்களில் எட்டுக் கிலோ எடை குறைத்திருந்தார். உறவினர் வீட்டுத் திருமணத்தில் இரண்டு முறை பாயசமும், இலையில் வைத்த இனிப்புகள் அனைத்தும் உண்டார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு 214 மில்லிகிராம் இருந்தது. மனம் கலங்கியவர், வழக்கமான மாத்திரைகளை விழுங்கிவிட்டுக் காலை உணவைத் தவிர்த்தார். ஒரு மணி நேரம் வேகமாக நடந்தார். மதிய உணவும் வேண்டாம் என்றார். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் உடல் வியர்த்து, பேச்சுக் குழறி நாற்காலியில் சாய்ந்திருந்ததை அவர் மனைவி கண்டார். குளுக்கோமீட்டர் 41 காட்டியது.

அவசர சிகிச்சைப் பிரிவில் நரம்பு வழியே குளுக்கோஸ் செலுத்தியதும் தெளிவடைந்தார். எனினும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளால் ஏற்படும் தாழ்சர்க்கரை, சரியானதுபோல் தோன்றிய பின்னும் மீண்டும் வரக்கூடியது. ஆகவே அடுத்த நாள்வரை அவரைக் கண்காணிப்பில் வைத்தோம். அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது திருமண விருந்து அன்று. அதற்காக அவர் தமக்கு விதித்துக்கொண்ட தண்டனை.

ஒரு வேளை உணவின் கணக்கு

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. ஒரு விருந்தில் நாம் நம் தேவைக்கு மேல் 1,500 கலோரி உண்டதாக வைத்துக்கொண்டாலும், அதனால் சேரக்கூடிய கொழுப்பு 200 கிராமுக்கும் குறைவே.

அப்படியானால் மறுநாள் எடைக் கருவி ஒரு கிலோவோ அதற்கு மேலோ கூடுதலாகக் காட்டுவது ஏன்? அதில் பெரும்பகுதி நீர். மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்து தங்குகிறது. அப்பளம், ஊறுகாய், பிரியாணி ஆகியவற்றின் உப்பும் உடலில் நீரைத் தேக்குகிறது. செரிமானம் முடியாத உணவும் குடலில் இருக்கிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பினால் சில நாள்களில் இந்த எடை இறங்கிவிடும். ஆகவே விருந்துக்குப் பின் நான்கைந்து நாள்களுக்கு எடை பார்க்க வேண்டாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் இது பொருந்தாது; அவர்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

மூன்று மாதச் சராசரி என்று நாம் அழைக்கும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையும் ஒரு நாளின் தவற்றைப் பெரிதாகக் காட்டாது. மூன்று வேளை உணவு என்று கொண்டால் மாதத்துக்குத் தொண்ணூறு வேளைகள். அவற்றில் ஒன்று தவறினால் எஞ்சிய எண்பத்தொன்பது வேளைகளின் பயன் அழிந்துவிடுவதில்லை.

நனைந்தபின் முக்காடு எதற்கு?

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும், ஒரு வேளைத் தவறு பலருக்கு ஒரு மாதத் தவறாக வளர்ந்துவிடுகிறது. இதற்கு மனத்தின் ஓர் இயல்பு காரணம். 1975இல் ஹெர்மன், மாக் என்னும் இரு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், கல்லூரி மாணவியருக்கு மில்க் ஷேக் அளித்து, பின்னர் ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பிடுமாறு கூறினர். உணவில் கட்டுப்பாடு கடைப்பிடிக்காதவர்கள், மில்க் ஷேக் பருகியபின் ஐஸ்கிரீமைக் குறைவாகவே உண்டனர். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் பருகாதபோது உண்டதைவிட, பருகியபின் அதிகமாக உண்டனர். கட்டுப்பாடு எப்படியும் உடைந்துவிட்டது, இனித் தடுத்து என்ன பயன் என்ற எண்ணமே இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் கருதினர்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். நனைந்தபின் முக்காடு எதற்கு என்றும், தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்றும் சொல்லிவைத்தனர். ஆனால் உணவைப் பொறுத்தவரை இப்பழமொழிகள் பொருந்தா. சாணுக்கும் முழத்துக்கும் உடலில் வேறுபாடு உண்டு. இரண்டாவது லட்டோடு நிறுத்துவதும் ஆறாவது லட்டோடு நிறுத்துவதும் ஒன்றல்ல. எந்த இடத்தில் உணர்கிறோமோ அந்த இடத்தில் நிறுத்தலாம். அது இலையின் நடுவிலேயே ஆனாலும் சரி.

"திங்கட்கிழமை முதல் தொடங்குகிறேன்", "பொங்கல் கழியட்டும்" என்பனவும் இதே எண்ணத்தின் வேறு வடிவங்களே. திரும்புவதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த வேளை உணவே அதற்குரிய நேரம்.

பட்டினி ஏன் உதவாது?

பட்டினி பசியை அடக்குவதில்லை, ஒத்திவைத்துப் பெருக்குகிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஆன்செல் கீஸ் என்பவர் தலைமையில் நடந்த ஆய்வில், உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதங்கள் அரைப்பட்டினியில் இருந்தனர். அக்காலத்தில் அவர்கள் எண்ணமெல்லாம் உணவைச் சுற்றியே இருந்தது. தடை நீங்கியபின் அவர்களில் சிலர் பெருமளவு உண்டும் பசி தீராமல் தவித்தனர். ஒரு நாள் பட்டினி அத்தகைய கடுமையுடையது அன்று. ஆயினும் காலையும் மதியமும் உண்ணாமல் இருந்தவர் இரவில் சோற்றுப் பானையின் முன் அமரும்போது எவ்வளவு உண்பார் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

மருந்து உட்கொள்வோருக்குப் பட்டினி நேரடியான ஆபத்தும் ஆகும். இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கும், கிளிமிபிரைடு, கிளிகிளாசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் உணவைத் தவிர்த்தால் தாழ்சர்க்கரை ஏற்படலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை உட்கொள்வோர் பட்டினி கிடந்தால், சர்க்கரை மிக உயராத நிலையிலும் இரத்தத்தில் அமிலம் சேரும் கடுமையான நிலை உண்டாகலாம். உங்கள் மாத்திரை எவ்வகை என்று தெரியாவிட்டால், அடுத்த முறை வரும்போது எங்களிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றும் மறுநாளும்

1. விருந்து முடிந்ததும் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். உணவுக்குப் பிந்தைய சர்க்கரை உயர்வை இது ஓரளவு குறைக்கும். உடனே படுக்க வேண்டாம். இரண்டு, மூன்று மணி நேரம் கழியட்டும்.

2. சேர்த்து ஒரு மாத்திரை போடுவதோ, மருத்துவர் கற்பிக்காத கூடுதல் இன்சுலின் போடுவதோ கூடாது.

3. சர்க்கரையை அளப்பது உங்கள் வழக்கமானால் அளந்து எழுதுங்கள். உயர்ந்த எண்ணையும் மறைக்காமல் எழுதுங்கள். அருகில் "திருமண விருந்து" என்று ஒரு சொல் போதும். காரணம் தெரியாமல் நாங்கள் மருந்தைக் கூட்டிவிட்டால், விருந்தில்லாத நாள்களில் அதுவே தாழ்சர்க்கரைக்கு இடமளிக்கும்.

4. மறுநாள் காலை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவு உணவும் வழக்கமான மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்தினம் வரை இரண்டு இட்லியும் சாம்பாரும் உண்டவர், இன்றும் அதையே உண்ண வேண்டும்.

5. மதியம் காய்கறி, கீரை, பருப்பு அல்லது முட்டை போதிய அளவு இருக்கட்டும். அப்பளம், ஊறுகாய் தவிர்க்கவும். மீந்துபோன இனிப்புகளை அன்றே பகிர்ந்து கொடுத்துவிடுங்கள். அலமாரியில் இருந்தால் அவை நினைவிலும் இருக்கும்.

6. ஏன் நேர்ந்தது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். விருந்துக்காகக் காலை உணவைத் தவிர்த்துப் பெரும்பசியுடன் சென்றோமா? உபசரித்தவரிடம் மறுக்க இயலவில்லையா? முன்னிரவு உறக்கமில்லையா? மனத்துயரா? காரணம் தெரிந்தால் அடுத்த விருந்துக்கு ஆயத்தமாகலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

"படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டீர்களா?" என்ற சொல் அன்பிலிருந்தும் அச்சத்திலிருந்தும் வருவதை நாங்கள் அறிவோம். ஆனால் அச்சொல்லைக் கேட்டவர் அடுத்த முறை உண்ணாமல் இருப்பதில்லை, மறைத்து உண்கிறார். மறைவில் உண்டதைப் பற்றி வீட்டாருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. கண்டிப்பதற்கு மாறாக, மறுநாள் காலை உணவை உரிய நேரத்தில் தட்டில் வையுங்கள். அவருடன் அமர்ந்து நீங்களும் அதையே உண்ணுங்கள். அவர் உணவைத் தவிர்க்க முயன்றால் தடுங்கள்.

தாழ்சர்க்கரையின் அறிகுறிகளை வீட்டில் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, குழப்பம், குழறும் பேச்சு. அளவு 70க்குக் கீழிருந்தால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோ நீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, உயரவில்லையெனில் மறுமுறை கொடுங்கள். சீரானதும் ஏதேனும் உணவு அளியுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

விருந்துக்குப் பின் நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி ஆகியவற்றை வாயுத் தொல்லை என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவும் கடும்வலி, பித்தப்பை அல்லது கணையப் பாதிப்பாக இருக்கலாம். சர்க்கரை 300க்கு மேல் நீடிப்பதும், அதனுடன் வாந்தியோ மிகுந்த சோர்வோ இருப்பதும் உடனே கவனிக்கப்பட வேண்டியவை. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் நாள்தோறும் எடை பார்ப்பதை நிறுத்தக் கூடாது. மூன்று நாள்களில் இரண்டு கிலோ கூடினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ உடனே தெரிவிக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் விருந்தில் உண்டதையும் கூடிய எடையையும் தங்கள் பிரிவில் அன்றே கூற வேண்டும்.

அடிக்கடி நிகழ்ந்தால்

வாரந்தோறும் கட்டுப்பாடு தவறுகிறது என்றால், உங்கள் மனவுறுதியைக் குறைகூறுமுன் உணவுத் திட்டத்தையே நாங்கள் மறுபரிசீலனை செய்ய விரும்புகிறோம். பசி தீராத திட்டம் எவரிடமும் நிலைக்காது. உணவியல் நிபுணரிடம் உண்மையைக் கூறினால், உங்கள் வீட்டுச் சமையலுக்கும் வேலை நேரத்துக்கும் ஏற்ப அதை மாற்றித் தருவார்.

நிறுத்த வேண்டும் என எண்ணியும் நிறுத்த இயலாமல், குறுகிய நேரத்தில் பெருமளவு உண்பதும், வெட்கத்தால் தனிமையில் உண்பதும், பின்னர்த் தம்மையே வெறுப்பதும் வாரம் ஒருமுறையேனும் மூன்று மாதங்களாக நிகழ்ந்தால், அது ஒரு நோயாக இருக்கலாம். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அது தனி நோயாகவே இடம்பெற்றுள்ளது. அதற்குச் சிகிச்சை உண்டு. எங்களிடம் சொல்ல நீங்கள் கூச வேண்டியதில்லை.

முன்னர்க் கூறிய அந்த நோயாளி இப்போதும் திருமணங்களுக்குச் செல்கிறார். சில இலைகளில் பாயசத்தை மறுக்கிறார்; சிலவற்றில் மறுப்பதில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு இரண்டு இட்லி உண்டு மாத்திரை போட்டுக்கொள்கிறார். அவருடைய நோட்டில் "விருந்து" என்று எழுதிய பக்கங்கள் பல உள்ளன. அவற்றுள் எதையும் அவர் கிழிக்கவில்லை. அடுத்த முறை நீங்களும் உங்கள் நோட்டை மறவாமல் எடுத்து வாருங்கள்.