மின்னியல் ஆலைப் பெண்களும் கூட்டுப் பணமும்

ஆலையில் வேலை செய்யும் இளம்பெண்ணைப் பற்றி நம் சமுதாயம் கேட்கும் கேள்விகள் இரண்டே. சம்பளம் எவ்வளவு? இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள்? ஆலைக்குள் அவள் எதற்குச் சிரித்தாள், யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தாள் என்று கேட்பவர் அரிது. அதுவும் ஒரு பண்பாடுதான், ஆய்வுக்குரியதும்கூட.

பினாங்கின் பாயான் லெப்பாசில் 1972ஆம் ஆண்டு தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. மின்னியல் ஆலைகள் வந்தன. கம்பத்துப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் ஆலைப் பேருந்துகளில் ஏறினர். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, மயிரிழையினும் மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைக்கும் வேலை. ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். வெளியே அவர்களுக்குக் கிடைத்த பட்டம் ‘மினா காரான்’. மினா என்பது மலாய்ப் பெண்களிடையே வழங்கும் பெயர். காரான் என்றால் மின்சாரம். கேலிதான், வேறென்ன?

பினாங்கில் பிறந்த மானிடவியலாளர் ஐவா ஓங், சிலாங்கூரின் கோல லங்காட் வட்டாரத்தில் ஆய்வு செய்து 1987இல் நூல் வெளியிட்டார். வேலைத் தளத்தில் பேய் பிடித்து அலறிய மலாய்ப் பெண்களைப் பற்றிய பகுதி அதில் பெரிதும் பேசப்பட்டது. நிர்வாகம் அதை ‘ஹிஸ்டீரியா’ என்றது, போமோவையும் அழைத்தது. ஓங் அதில் எதிர்ப்பைக் கண்டார். வாய்விட்டுச் சொல்ல முடியாததை உடல் சொல்கிறது என்பது அவரது வாதத்தின் சாரம். ஆழமான பார்வை. ஆயினும் அலறல் என்றோ ஒரு நாள் நடப்பது. அன்றாடம் நடந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கூட்டுப் பணத்தையே எடுத்துக்கொள்வோம். பத்துப் பேர் மாதம் 30 ரிங்கிட் போட்டால், ஒருவர் கையில் 300 ரிங்கிட் சேரும். சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். நம் ‘கூட்டு’ மலாயில் ‘குத்து’ ஆயிற்று. நடத்துபவர் ‘ஈபு குத்து’, அதாவது கூட்டின் தாய். இதைத் தொழிலாக நடத்துவதைத் தடை செய்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் நம் ‘கூட்டு’ அப்படியே இருக்கிறது! ஆலைத் தோழியரிடையே பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. ஒருத்தியின் தாய்க்கு நோய் என்றால் இன்னொருத்தி தன் முறையை விட்டுக்கொடுப்பாள். மின்னியல் தொழிலாளர்க்கு 1988 வரை சங்கம் அமைக்க அனுமதி இல்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். கூட்டு, சங்கத்திற்கு ஈடாகாது. சம்பளத்தை ஒரு காசுகூட உயர்த்தாது. ஆனால், இனம் கடந்து ஒருவரையொருவர் நம்பும் பழக்கம் சிற்றுண்டிச்சாலை மேசையில்தான் வளர்ந்தது.

என் தாயார் 1979 முதல் பிறை வட்டாரத்து ஆலையொன்றில் வேலை செய்தவர். அவருடைய கூட்டுக் கணக்குப் புத்தகம் இன்றும் வீட்டில் இருக்கிறது. மலாய், சீனப் பெயர்கள் எல்லாம் தமிழ் எழுத்தில். 1985ஆம் ஆண்டுப் பொருளாதார மந்தத்தில் ஆட்குறைப்பு வந்தபோது இன்னும் மூவரின் முறை பாக்கி. வேலை இழந்தவர்களும் சம்பள நாளன்று பேருந்து நிறுத்தத்திற்கு வந்து, 30 ரிங்கிட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம்.