ஆபரேஷன் பண்ணியவருக்கும் ஒரு சோதனை

அன்பு மகளுக்கு,

‘குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினவங்க அடிவயிறு வலின்னு வந்தா, அவங்களுக்கு எதுக்குக் கர்ப்பம் பார்க்கிற யூரின் டெஸ்ட்?’ என்று கேட்டிருந்தாய். சிலமலையில் எந்தத் திண்ணையிலும் கேட்கக்கூடிய கேள்விதான். நர்சிங் கடைசி வருஷத்தில் இருக்கிற நீயும் அதையே கேட்டால் எப்படி? கட்டிய குழாயில் மயிரிழைத் துளை திறந்தாலும் விந்தணு நுழைந்துவிடும். கருவுற்ற முட்டை பெரியது. கர்ப்பப்பைக்கு வர வழியில்லாமல் குழாயிலேயே தங்கிவிடும். ஆபரேஷனுக்குப் பின் கரு உண்டாவது அபூர்வம். ஆனால் உண்டானால், இடம் தவறியிருக்க வாய்ப்பு அதிகம். 1990-களில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஆபரேஷன் செய்துகொண்ட 10,685 பெண்களில் 47 பேருக்கு அப்படித் தங்கியது. உண்டான கருக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. நம்மூரில் பிள்ளை பெற்ற கையோடு வெட்டிக் கட்டுகிறார்களே, அதில் ஆபத்து குறைவுதானே என்பாய். குறைவுதான், அந்த ஆய்வும் அதையே சொல்கிறது. ஆனால் எல்லா முறைகளையும் சேர்த்துப் பார்த்தால், நாலாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரையிலும் ஆபத்து தணியவில்லை. ‘பண்ணி எட்டு வருஷமாச்சு’ என்பது எதற்கும் சான்றாகாது.

‘தீட்டு வந்துடுச்சே’ என்பதும் அப்படித்தான். குழாய்க் கருவில் கசியும் ரத்தத்தைத் தீட்டென்றே கணக்கு வைத்துக்கொள்வார்கள். போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர் தோள்பட்டை வலி என்றால், மூட்டை தூக்கியதால் என்று தைலம் தேய்ப்பார்கள். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினாலும் வலி தோளில்தான் தெரியும். தோள்வலியோடு தலைசுற்றலும் வெளிறிய கண்ணிமையும் சேர்ந்தால் யூரின் டெஸ்ட் பட்டையில் இரண்டு கோடு விழும்வரை காத்திருக்காதே, 108-ஐக் கூப்பிடு.

நிலை சீராக இருந்தால் உள்வழி ஸ்கேன். கர்ப்பப்பை காலியாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. நாள் குறைந்த கருவாகவும் இருக்கலாம். ரத்தத்தில் பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவை 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அளவு குறைவாக இருப்பதால் குழாய் வெடிக்காது என்று எண்ணுவது அடுத்த மூடநம்பிக்கை.

வெடிக்காத குழாய்க்கு மெத்தோட்ரெக்சேட் ஊசி உண்டு. அது பிறந்த லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் எம்.பி.பி.எஸ். தராமல் எல்.எம்.எஸ். கொடுத்து அனுப்பினார்கள் என்பார்கள். 1948-ல் இறந்தார், ரத்தப் புற்றுநோய்க்கு வந்த மருந்து 1982-ல் ஜப்பானில் குழாய்க் கருவுக்குப் பயன்பட்டதை அவர் பார்க்கவில்லை. அவரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லையென்றால் புத்தகத்தைத்தான் குறை சொல்வேன். மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிறது. ஆகவே சத்து மாத்திரையை நிறுத்தச் சொல்லவேண்டியது உன் பொறுப்பு.

ஆபரேஷனைவிட ஊசி நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடாதே. 4-ஆம் நாளும் 7-ஆம் நாளும் ரத்தம் கொடுத்து, அளவு 15 சதவீதமாவது இறங்கியதா என்று பார்க்க வேண்டும். மறுநாளே 17 கொண்டை ஊசி வளைவு ஏறி வேலைக்குப் போகிறவர் திரும்பி வருவாரா? கூலி போகும் என்று வரமாட்டார் எனில், லேப்ராஸ்கோப்பியில் குழாயை எடுத்துவிடுவதே அவருக்குப் பத்திரம். எந்த வழியானாலும் ரத்த வகையைக் கேட்டு எழுது. ஆர்எச் நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி பற்றி டாக்டரிடம் நீயே நினைவுபடுத்து.