முத்துத்துறை இல்லங்கள்

மக்கள் முதன்முதற் கல்வி பயிலும் இடம் பள்ளிக்கூடம் அன்று, இல்லமே ஆகும். தாயின் மடியே முதற் பலகை; தந்தையின் நடையே முதற் பாடம். 'தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று நம் முன்னோர் கூறியது இக்கருத்துப் பற்றியே. எச்சமயத்தாராயினும் தம் நெறியைத் தம் மக்கட்குக் கோயிலில் மட்டும் புகட்டுவதில்லை. அடுக்களையிலும், முற்றத்திலும், பாய் விரித்த திண்ணையிலும் அதனை ஊட்டுகின்றனர். இவ்வுண்மையைத் தமிழ்நாட்டின் தென்கடற்கரையில் வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களின் அன்றாட வாழ்விலே தெளிவாகக் காணலாம்.

மன்னார் வளைகுடாவை அடுத்துள்ள கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பழம்பெயர். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு முதலிய ஊர்கள் இத்துறையைச் சார்ந்தவை. இங்கு வாழ்ந்த பரதவர் கடலில் மூழ்கி முத்தெடுத்தும், வலைவீசி மீன்பிடித்தும் வாழ்ந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துக்குளிப்பு உரிமை பற்றிப் பெரும் பூசல் மூண்டது. அக்காலத்தில் போர்த்துகீசியரின் துணையை நாடிய பரதவர் பல்லாயிரவர் 1535 முதல் 1537 வரையுள்ள ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கர் ஆயினர். ஆயினும், அவர்களுக்குப் புதிய நெறியைக் கற்பிப்பார் இலர். பெயர் மாறியது, பொருள் விளங்கவில்லை.

இந்நிலையில், 1542ஆம் ஆண்டில் பிரான்சிசு சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தார். அவர் தமிழ் அறியாதவர். எனவே, தமிழும் போர்த்துகீசிய மொழியும் அறிந்தாரைத் துணைக்கொண்டு, இன்றியமையாத செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் ஒரு மணியை ஏந்தித் தெருத்தெருவாக அடித்துக்கொண்டு சென்றார். மணியோசை கேட்டுச் சிறுவர் ஓடிவந்து கூடினர். அவர்களுக்குச் செபங்களை ஓதுவித்த பின்பு, 'இன்று கற்றவற்றை நும் தாய் தந்தையர்க்கும், வீட்டாருக்கும், அயலாருக்கும் கற்பியுங்கள்' என்று பணித்து அனுப்பினார். நோயுற்றோர் இல்லங்களிலிருந்து அழைப்புகள் மிகுந்தபோது, தாம் செல்ல இயலாத இடங்களுக்குச் செபம் அறிந்த சிறுவர்களையே அனுப்பினார். அவர்கள் நோயாளியின் அருகே நின்று விசுவாச மந்திரத்தை ஓத, வீட்டாரும் அயலாரும் உடன் ஓதினர். இச்செய்திகளைச் சவேரியார் 1544ஆம் ஆண்டில் எழுதிய மடலில் தாமே கூறியிருக்கின்றார்.

பெற்றோர் கற்பிக்கப் பிள்ளைகள் கற்பது உலக வழக்கு. பிள்ளைகள் கற்பிக்கப் பெற்றோர் கற்றது முத்துத்துறையின் சிறப்பு. அன்று முதல் இவ்வூர்களில் குழந்தை என்பது, இல்லத்தில் வளர்க்கப்படும் உயிர் மட்டும் அன்று. இல்லத்தை வளர்க்கும் உயிரும் ஆயிற்று.

சவேரியார் ஊர்தோறும் ஒருவரை அமர்த்திச் சிறுவர்க்குக் கற்பிக்கச் செய்தார். அவர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்துக்குப் பொருள் வேண்டுமன்றோ? அக்காலத்தில் இக்கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போர்த்துகல் நாட்டு அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டு வந்தது. அத்தொகையைச் சிறுவர் கல்விக்கு அளிக்குமாறு சவேரியார் அரசியை வேண்ட, அரசியும் அதற்கு இசைந்தார் என்று வரலாற்று நூலார் எழுதுவர். அரசியின் அடிக்கு அணியாக இருந்த பொருள் ஏழைச் சிறுவரின் நாவுக்கு அணியாயிற்று.

சவேரியாருக்குப்பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகப் பயின்றவர். அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூல் 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மண்ணில், இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' என்னும் நூல் வெளிவந்தது. போர்த்துகல் நாட்டில் சிறுவர்க்கெனவே வினாவிடை வடிவில் எழுதப்பட்ட நூலின் தமிழ் வடிவம் அது. தமிழ் அச்சுக்கலையின் தொடக்கத்திலேயே சிறுவர்க்குரிய நூலொன்று இடம்பெற்றது எண்ணி மகிழத்தக்கது.

இனி, இத்துறையில் ஓர் இல்லத்தின் நாள்முறையை நோக்குவோம். விடியுமுன்னரே தந்தை எழுகின்றார். உறங்கும் பிள்ளைகளின் நெற்றியில் விரலாற் சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு, வலையும் சோற்றுத் தூக்கும் எடுத்துக்கொண்டு கரைக்குச் செல்கின்றார். விழித்தெழுந்த குழந்தை முதலிற் கேட்பது, 'அப்பா போய்விட்டாரா?' என்பதே. தாய் அதன் முகத்தைக் கழுவி, சிறு கையைப் பற்றி, நெற்றியிலும் மார்பிலும் இரு தோள்களிலும் தொடச்செய்து சிலுவை இடப் பழக்குகின்றாள். வலமும் இடமும் அறியாத பருவத்தில் குழந்தை தோள்களை மாற்றித் தொடும். தாய் நகைத்துத் திருத்துவாள். வலக்கை எது, இடக்கை எது என்பதைக் குழந்தை அறிவது பெரும்பாலும் இவ்வாறே.

உலை வைக்குமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலத்தில் இடுவது பல இல்லங்களில் வழக்கம். இதற்குப் பிடியரிசி என்று பெயர். சேர்ந்த அரிசி கோயில் வழியாக ஏழையரைச் சென்றடையும். அந்தப் பிடியை எடுக்கும் உரிமைக்காகப் பிள்ளைகள் போட்டியிடுவர். சிறியவன் கை சிறிது. அவன் எடுத்தால் அரிசி குறையும். 'என் கையால் இரண்டு பிடி' என்று அவன் வாதிடுவான். தாய் மறுப்பதில்லை. தன் கலத்திலிருந்து பிறர்க்கு எடுத்து வைக்கும் பழக்கம், அப்பிள்ளைக்கு அறம் என்னும் சொல்லின் பொருள் தெரியுமுன்னரே கைவந்துவிடுகின்றது.

நண்பகலிலும் அந்தியிலும் கோயில் மணி ஒலிக்கும்போது, பெரியோர் செய்தொழிலைச் சற்றே நிறுத்தித் திரிகால செபம் சொல்லுவர். விளையாடும் சிறுவரும் ஒரு கணம் நிற்பர், மறுகணம் ஓடுவர். அவ்வொரு கணமே போதும் என்று தாய்மார் அமைவர்.

இருள் பரவியபின் இல்லத்தார் அனைவரும் மாதா சுரூபத்தின் முன் விளக்கேற்றி அமர்வர். மூத்த மகள் சன்னலைச் சாத்துவாள். பாட்டி அலமாரியைத் திறந்து செபமாலைகளை எடுப்பாள். சன்னல், அலமாரி, மேசை, சாவி என்னும் சொற்கள் போர்த்துகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தவை. பெர்னாண்டோ, மிராண்டா, வாஸ் முதலிய குடிப்பெயர்களும் அவ்வாறு வந்தனவே. ஆயினும் அவ்வில்லத்தில் எழும் செபம் தூய தமிழோசையே. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கோயிலில் பூசை இலத்தீன் மொழியில் நடைபெற்றது. 1962 முதல் 1965 வரை கூடிய வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னரே அது தமிழில் நிகழலாயிற்று. ஆனால் இல்லத்துச் செபமோ சவேரியார் காலந்தொட்டே தமிழில் ஒலித்தது. கோயிலின் மொழி வேறாயிருந்த காலத்தும் இல்லத்தின் மொழி தமிழாகவே இருந்தது.

செபமாலையில் ஐந்து பத்துகள் உண்டு. ஒவ்வொரு பத்திலும் ஒரு பரலோக மந்திரமும் பத்து அருள்நிறை மந்திரங்களும் ஓதப்பெறும். ஒவ்வொரு பத்தையும் ஒருவர் தொடங்க ஏனையோர் முடிப்பர். ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒரு பத்து உண்டு. மணியை எண்ணத் தவறி அவன் பதினொன்று சொல்லிவிடுவதும், ஒன்பதில் நிறுத்திவிடுவதும் உண்டு. இளைய குழந்தை மூன்றாம் பத்துக்குள் பாட்டியின் மடியில் உறங்கிவிடும். அதனை எழுப்பிக் கடிந்துகொள்வார் இலர். செபவொலியே தாலாட்டாக உறங்கிய பிள்ளை, வளர்ந்தபின் அவ்வொலியை மறப்பதில்லை என்பது பாட்டியின் துணிபு.

செபம் முடிந்தவுடன் பிள்ளைகள் வரிசையாக எழுந்து பெரியோர் முன் கைகுவித்துத் தோத்திரம் சொல்லுவர். பெரியோர் அவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்து வாழ்த்துவர். அன்று பகலில் ஒருவரோடொருவர் பூசலிட்ட பிள்ளைகள் இருப்பின், தாய் அவர்களை நிறுத்தி, 'முதலில் தம்பியோடு பேசு. பின்பு தோத்திரம் சொல்' என்பாள். பகைமையோடு பாயிற் படுத்தலாகாது என்பது அவ்வில்லத்தின் எழுதாச் சட்டம். அச்சட்டம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று; பெற்றோர்க்கும் உரியது. அதனைப் பிள்ளைகள் கூர்ந்து நோக்குவர் என்பதைப் பெற்றோரும் அறிவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இத்துறையின் பல ஊர்களில் மீனவர் கடலுக்குச் செல்வதில்லை. அன்று தந்தை இல்லத்தில் இருப்பார். பிள்ளைகளுக்கு அதுவே பெருவிழா. தந்தையின் தோளிலேறிப் பூசைக்குச் செல்வர். தவக்காலத்தில் தின்பண்டத்தைத் துறந்து காசு சேர்ப்பதும், கிறித்து பிறப்பு விழாவுக்கு வைக்கோலும் மணலும் கொண்டு குடில் அமைப்பதும், ஆகஸ்டு 5ஆம் நாள் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவுக்குச் சுற்றத்தாரோடு செல்வதும் அவர்கள் ஆண்டின் மைல்கற்கள்.

இவ்வளவும் அமைதியான நாள்களின் காட்சி. கடல் எந்நாளும் அமைதியாக இருப்பதன்று. காற்றுத் திசைமாறி அலை எழுகின்ற இரவுகளும் உண்டு. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, அண்டையிலுள்ள கன்னியாகுமரிக் கடற்கரையில் மீனவர் பலர் கரை திரும்பவில்லை. அத்தகைய இரவில், ஓர் இல்லத்துக் குழந்தை தாயை நோக்கி, 'அம்மா, அப்பா எப்பொழுது வருவார்?' என்று வினவும். 'வருவார்' என்று உறுதிகூற அவளால் இயலாது. வேறு கூற அவள் நா எழாது. 'வா, அப்பாவுக்காக வேண்டிக்கொள்வோம்' என்று குழந்தையை அணைத்துச் செபமாலையை எடுக்கின்றாள். அயல்வீட்டுப் பெண்கள் அழைக்காமலே வந்து அமர்கின்றனர். ஒருத்தி பிள்ளைகளுக்குச் சோறு கொண்டு வருகின்றாள். மற்றொருத்தி கைக்குழந்தையைத் தன் தோளில் வாங்கிக்கொள்கின்றாள்.

வேண்டியவாறு தந்தை திரும்பிய இல்லங்களும் உண்டு. திரும்பாத இல்லங்களும் உண்டு. செபம் என்பது கொடுத்து வாங்கும் வாணிகம் அன்று என்பதை அப்பிள்ளைகள் நூலிற் கற்பதில்லை, அன்றிரவு கற்கின்றனர். விடை வாராத இரவிலும் தனித்து விடப்படோம் என்பதே அவர்கள் கற்கும் பாடம். நாள்தோறும் எடுத்து வைத்த பிடியரிசியும், பூசல் தீர்த்து உறங்கிய பழக்கமும், அயலாரோடு கூடி ஓதிய செபமும் அந்நாளில் ஊராரின் கைகளாகி அவர்களைத் தாங்குகின்றன.

1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருமார்க்கு இடர் விளைத்தனர். குருமார் இன்றியும் இம்மக்கள் தம் நெறியைக் கைவிடவில்லை. அதற்குக் காரணம் யாது? கோயில் அடைபட்டபோதும் இல்லங்கள் திறந்திருந்தன. பாட்டியர் ஓதப் பேரர் கேட்டனர். கல்லாற் கட்டிய கோயிலைக் காவலர் பூட்டலாம். நாவிற் பதிந்த செபத்தை யாவரே பூட்ட வல்லார்?

இக்காலத்தில் இவ்வில்லங்களுக்குப் பகைவர் வெளியிலிருந்து வருவதில்லை. தந்தையர் பலர் வெளிநாடுகளிற் பணிபுரிகின்றனர். மாலையில் ஒருவர் தொலைக்காட்சியிலும், ஒருவர் கைப்பேசியிலும் மூழ்கியிருக்க, ஒரே கூரையின்கீழ் ஒவ்வொருவரும் தனித்தனியே வாழும் நிலை எங்கும் பரவி வருகின்றது. செபமாலைக்கு ஆகும் காலம் கால் மணி நேரத்துக்குச் சற்று மிகுதி, அவ்வளவே. அக்கால் மணி நேரத்தில் பாட்டியும் பேரனும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி அமர்கின்றனர். அவ்வாறு அமரும் வழக்கம் ஒழியுமாயின், இழப்பது ஒரு சமயச் சடங்கு மட்டும் அன்று. ஒரு குடும்பம் ஒன்றாக இருக்கும் வேளையும் ஆகும்.

சமயங்கள் பல, வழிபாட்டு முறைகளும் பல. ஆயினும், அந்தியில் விளக்கேற்றி, மூத்தோரும் இளையோரும் ஒருங்கே அமர்ந்து, தம்மினும் பெரிய ஒன்றை நினைத்து, இல்லாதார்க்கு ஒரு பிடி எடுத்து வைத்து, பகை தீர்த்து உறங்கும் இல்லம் எதுவாயினும், அது நாட்டுக்கு நன்மக்களை நல்கும். அவ்வில்லத்தைக் காக்கும் பொறுப்புப் பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று. அன்று மணியோசை கேட்டு ஓடிச்சென்று, தாம் கற்றதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் சிறுவரே. இன்றைய மாணவரும் தம் இல்லத்துக்கு அத்தகைய ஒரு நன்மையைக் கொண்டுசெல்லுதல் கூடும்.