தொலைக்கணினியின் வாயிற்காவல்

சேய்மையிலிருந்து வரும் கட்டளையை நிறைவேற்றுமுன், விடுப்பவர் யாரெனக் கணினி தெளிதல் வேண்டும். அது தெளியுமாற்றை ஈண்டு நோக்குவாம்.

1983 இல் பேர்க்கிலிப் பல்கலைக்கழகம் வெளியிட்ட யுனிக்ஸ் 4.2 பதிப்பில், இதற்கென 'ரெக்செக்டி' என்னும் சேவை நிரல் இருந்தது. 512 ஆம் இலக்கத் துறையிற் காத்திருக்கும் அது, பயனர்பெயர், கடவுச்சொல், கட்டளை என்பவற்றை முறையே பெறும். முன்னிரண்டையும் தன் கடவுச்சொற் கோப்புடன் ஒப்பிடும். பொருந்தினாலன்றிக் கட்டளையைத் தொடாது.

ஏற்பாடு செவ்விதே. ஆயினும், பெயர் பிழையெனின் ஒரு விடையும், கடவுச்சொல் பிழையெனின் வேறொரு விடையும் அது பகர்ந்தது. உள்ளிருப்போர் பெயரைக் கள்வனுக்குக் காவலனே கூறியவாறு! அதனினும் கொடிது, கடவுச்சொல் மறைப்பின்றிச் சென்றமை. இடைவழியில் ஒற்றுக்கேட்போர் அதனை எளிதிற் படிப்பர். 1988 நவம்பரில் இணையத்தை அலைக்கழித்த மொறிசுப் புழு, ஊகித்தறிந்த கடவுச்சொற்களுடன் இவ்வாயிலையும் பயன்படுத்திற்று.

பின்லாந்தில் 1995 இல் தோன்றிய எஸ்.எஸ்.எச். முறையிலோ, சேவையகம் முதலில் தன்னை மெய்ப்பிக்கும், வழியும் மறைகுறியாக்கப்படும். கடவுச்சொல்லை நாம் அதன் பின்னரே அனுப்புகின்றோம்.